நடத்திய பக்கம்

3 நவம்பர் 1997, திங்கள்

இந்த நோட்டில் பார்த்ததைப் பார்த்தபடியும் கேட்டதைக் கேட்டபடியும் எழுதுவேன். எனக்குச் சாதகமாக எதையும் மாற்ற மாட்டேன். என் மேல் தப்பு இருந்தால் அதையும் எழுதுவேன். யாருக்கும் காட்டப் போவதில்லை என்பதால் இது சுலபம் என்று நினைக்கிறேன்.

என் பெயர் ஆவுடையம்மாள். ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவு. எங்கள் ஊரில் எட்டு வரைதான் இருக்கிறது. அதனால் சங்கரன்கோவிலில் பள்ளி விடுதியில் தங்கிப் படிக்கிறேன். வகுப்புத் தலைவி நான்தான். தலைவிக்கு மூன்று வேலை. சாக்பீஸ் எடுத்து வருவது, பேசுகிறவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதுவது, பாடவேளைப் பதிவேட்டை நிரப்புவது. மூன்றாவது வேலைதான் எனக்கு உயிர்.

பதிவேடு ஒரு நீள நோட்டு. ஒரு நாளுக்கு ஒரு பக்கம், எட்டுப் பாடவேளைக்கு எட்டு வரி. பாடம், ஆசிரியர், நடத்திய பக்கம், கையெழுத்து என்று நான்கு கட்டம். ‘நடத்திய பக்கம்’ என்பதில், புத்தகத்தில் அன்று எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் வரை நடந்தது என்று எழுத வேண்டும். நடக்காவிட்டால் ‘இல்லை’ என்று எழுத வேண்டும். டீச்சர்கள் உள்ளே வந்ததும் கையெழுத்தைப் போட்டுவிடுவார்கள். பக்கத்தை நான் பிறகு நிரப்பிக்கொள்வேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பதிவேடு பெரிய டீச்சர் மேசைக்குப் போகும். தலைமை ஆசிரியையைத்தான் பெரிய டீச்சர் என்கிறோம்.

எல்லா டீச்சர்களும் எந்தப் பக்கம் போட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். இந்த ஜூனில் புதிதாகச் சேர்ந்த கணக்கு டீச்சர் மட்டும் சொல்வதில்லை. தமயந்தி டீச்சர். முதல் நாளே கேட்டேன்.

“பக்கம் என்ன போடட்டும் டீச்சர்?”

“நீ பார்த்ததை எழுதும்மா. அதுக்குத்தான உன்னைத் தலைவியா வச்சிருக்காங்க. என்கிட்ட கேட்காத.”

அன்றிலிருந்து அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

5 நவம்பர், புதன்

மழை. தாவணி காயவில்லை. ஈரத்தோடு பிரேயரில் நின்றேன்.

6 நவம்பர், வியாழன்

இன்று நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. இன்னும் உடம்பு சிலிர்க்கிறது.

வட்டமாக இருக்கிற ஏதாவது ஒரு சாமான் கொண்டுவரச் சொல்லியிருந்தார் தமயந்தி டீச்சர். வளையல், டிபன் மூடி, தட்டு என்று கொண்டுவந்தோம். நான் விடுதிச் சமையலறையில் கெஞ்சி சாம்பார் குண்டானின் மூடியை வாங்கி வந்தேன். என் பக்கத்தில் உட்காரும் மும்தாஜ் வீட்டில் தறி ஓடுகிறது, அவள் ஒரு கோன் நூல் கொண்டுவந்தாள். நூலைச் சுற்றி அளக்க வேண்டும். பிறகு சாமானைக் குறுக்கே அளக்க வேண்டும். முதலில் அளந்ததை இரண்டாவதால் வகுக்க வேண்டும். அவ்வளவுதான்.

என் மூடிக்கு 3.14 வந்தது. வளையலுக்கு 3.1. தட்டுக்கு 3.15. நாற்பத்திரண்டு பேரும் எழுந்து நின்று தங்கள் எண்ணைச் சொல்லச் சொல்ல, வகுப்பில் ஒரு மாதிரி அமைதி. எல்லாருக்கும் மூன்றும் சொச்சமும்.

“டீச்சர், ஏதும் மருந்து வச்சிட்டீங்களா?” என்றாள் மும்தாஜ்.

“நான் வைக்கலம்மா. வட்டம் வச்சிருக்கு.”

நான் வளையலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருடமாகக் கையில் கிடக்கிறது, இப்படி ஒன்றை உள்ளே வைத்துக்கொண்டு.

புத்தகத்தை யாரும் திறக்கவில்லை. ஆகவே பதிவேட்டில் ‘இல்லை’ என்று எழுதினேன்.

7 நவம்பர், வெள்ளி

வரலாறு பாடவேளையில் சாரதாமணி டீச்சர் பத்தாம் வகுப்புப் பேப்பர் திருத்தினார். மணி அடித்ததும், “ஆவுடை, ஐம்பத்திரண்டுல இருந்து ஐம்பத்தஞ்சு போட்டுக்கோ” என்றார். போட்டேன்.

ஆங்கிலம் பெரிய டீச்சர் எடுக்கிறார். ஆபீஸ் வேலை அதிகம் என்பதால் பெரும்பாலும் வர முடியாது. ஆயா செல்லத்தாய் அக்கா வாசலில் நின்று, “முப்பதாம் பக்கம் வரை போடணுமாம். சத்தமில்லாம வாசிக்கணுமாம்” என்றார். வாசித்தோம். போட்டேன்.

சாயங்காலம் பதிவேட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெரிய டீச்சர் புரட்டிப் பார்த்து, “முத்து முத்தா எழுதியிருக்க” என்றார். சந்தோஷமாக இருந்தது.

19 நவம்பர், புதன்

தண்ணீர்த் தொட்டியின் உயரத்தை, ஏறாமலே கண்டுபிடித்தோம். தொட்டியின் நிழலை அளந்தோம். அதே நேரத்தில் மும்தாஜை வெயிலில் நிறுத்தி அவள் நிழலையும் அளந்தோம். கணக்குப் போட்டதில் பதினான்கு மீட்டர் வந்தது. கிளார்க் ஆறுமுகநயினார் சார் ஆபீஸில் காகிதத்தைப் பார்த்துவிட்டு வந்து, பன்னிரண்டுதான் என்றார்.

டீச்சர் கொஞ்ச நேரம் தொட்டியையே அண்ணாந்து பார்த்தார். “நான் போட்டது தப்பா இருக்கு. எங்க தப்பினேன்னு தெரியலியே. நாளைக்கு எல்லாரும் சேர்ந்து கண்டுபிடிப்போம்” என்றார்.

ஒரு டீச்சர் இப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. மற்ற பிள்ளைகளும் வாயைத் திறந்து பார்த்தார்கள்.

சாரதாமணி டீச்சர் வராந்தாவில் நின்று, “வெயில்ல பிள்ளைகளை வச்சுக்கிட்டு இது என்ன சின்னப்பிள்ளை விளையாட்டு?” என்று கேட்டார். தமயந்தி டீச்சர் சிரித்தார்.

பதிவேட்டில்: இல்லை.

20 நவம்பர், வியாழன்

கண்டுபிடித்துவிட்டோம். மும்தாஜ் நின்றது சமதரை, ஆனால் தொட்டியின் நிழல் விழுகிற இடத்தில் தரை சரிவாக இருக்கிறது. சரிவில் விழுகிற நிழல் நீண்டுவிடும். மும்தாஜ் பந்தை உருட்டிக் காட்டினாள், அது தானாக வாய்க்கால் வரை போனது. “தப்பைப் பிடிச்சதுக்குத்தான் மார்க்கு” என்றார் டீச்சர். நான் ராத்திரி சாப்பாட்டைக்கூட யோசிக்காமல் சாப்பிட்டேன்.

பதிவேட்டில்: இல்லை.

2 டிசம்பர், செவ்வாய்

பேன் சீப்பு தொலைந்துவிட்டது.

23 டிசம்பர், செவ்வாய்

அரையாண்டு மதிப்பெண் வந்தது. கணக்கில் எங்கள் வகுப்புச் சராசரி 51. அ பிரிவு 58. அவர்கள் 110-ஆம் பக்கம் வரை முடித்துவிட்டார்கள். நாங்கள் 84. எனக்கு வெட்கமாக இருந்தது.

டீச்சர் கவலைப்படவில்லை. “மார்ச்சுக்குள்ள பிடிச்சிரலாம். இனி வரப்போறதுல பாதி நீங்க கையால செஞ்சு முடிச்சதுதான்” என்றார். அது எனக்குப் புரியவில்லை. கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

8 ஜனவரி 1998, வியாழன்

எழுத்து கோணலாக வருகிறது. இருந்தாலும் வரிசையாக எழுதுகிறேன்.

மத்தியானம் பெரிய டீச்சர் ஆபீஸுக்குக் கூப்பிட்டார். “உன் எழுத்துதான் அழகா இருக்கும். ஜூன்ல இருந்து பதிவேட்டைப் பாரு. கணக்குப் பாடத்துல ‘இல்லை’ன்னு இருக்கிற நாளை மட்டும் தேதி போட்டுத் தனித்தாள்ல எடுத்து எழுது” என்றார்.

பெருமையாக உட்கார்ந்தேன். வரிசை எண், தேதி, பாடவேளை, ‘இல்லை’. அடிக்கோல் வைத்துக் கட்டம் போட்டேன். ஒரு அடித்தல் இல்லை. முப்பத்தொன்று வந்தது. எழுதும்போது ஒவ்வொரு தேதியும் ஞாபகம் வந்து எனக்குச் சிரிப்பு வந்தது. இது நூல் சுற்றிய நாள், இது தொட்டி, இது சமையலறையில் அரிசி டிரம்மின் கொள்ளளவு. எல்லாம் நல்ல நாளாகவே இருக்கிறதே என்று நினைத்தேன். அப்போதும் எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

கிளார்க் சார் தாளை வாங்கி டைப்ரைட்டரில் செருகி, மேலே நான் விட்டிருந்த இடத்தில் தலைப்பு அடித்தார். நான் பக்கத்தில் நின்று ஒவ்வோர் எழுத்தாக வாசித்தேன்.

‘செல்வி ம. தமயந்தி, கணித ஆசிரியை. தகுதிகாண் பருவ ஆய்வு. இணைப்பு இரண்டு: பாடம் நடத்தாத பாடவேளைகள்.’

“தகுதிகாண் பருவம்னா என்ன சார்?”

“புதுசா சேர்ந்தவங்களை முதல் படிப்பு வருஷம் வச்சுப் பார்க்கிறது. ஒழுங்கா இருந்தா வேலை நிரந்தரம். இல்லன்னா வீட்டுக்கு. இருபதாம் தேதி நம்ம பள்ளிக்கூடச் செயலர் வந்து பார்க்கார்.”

“சார், இதெல்லாம் பாடம் நடத்தாத நாள் இல்ல சார்.”

அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். “நீதானம்மா ‘இல்லை’ன்னு எழுதியிருக்க?”

“ஆமா சார்.”

“அப்புறம் என்ன?”

தாளை உருவி, ஊதி, பைலில் வைத்துக் கட்டினார். நான் எப்படி வகுப்புக்கு வந்தேன் என்று தெரியாது.

9 ஜனவரி, வெள்ளி

மும்தாஜிடம் சொன்னேன். அவள் கையில் இருந்த நெல்லிக்காயைக் கடிக்காமல் வைத்துக்கொண்டே கேட்டாள்.

“ஏட்டி, நூல் சுத்துன அன்னைக்குமா இல்லைன்னு எழுதுன?”

“புத்தகம் திறக்கலல்லா.”

“பந்தியில உக்காந்து மூக்கு முட்டத் தின்னுட்டு, இலை போடலன்னு எழுதுவா போல இவ.”

“விளையாடாதட்டி. டீச்சர் வேலை போயிரும்.”

அதற்குப் பிறகு அவள் விளையாடவில்லை. ‘இல்லை’யின் மேல் அழுத்தி எண் எழுதிவிடலாம் என்றாள். தனித்தாள் ஏற்கெனவே பைலுக்குப் போய்விட்டது என்றேன். அதோடு, நான் பொய் எழுத மாட்டேன் என்றும் சொன்னேன்.

“பொய் எழுத மாட்டியா? சாரதாமணி டீச்சர் பேப்பர் திருத்திக்கிட்டே இருக்கும்போது நீ ஐம்பத்திரண்டு, ஐம்பத்தஞ்சுன்னு போட்டியே, அது என்னதுட்டி?”

“அவங்க சொன்னாங்க. எழுதினேன்.”

“பெரிய டீச்சர் வராத அன்னைக்கு?”

மணி அடித்துவிட்டது. உண்மையில் மணி அடிக்கக் கொஞ்ச நேரம் இருந்தது.

10 ஜனவரி, சனி

காலையிலிருந்து கணக்குப் புத்தகத்தை வாசிக்கிறேன். நான் புத்தகப் புழு என்று விடுதியில் எல்லாரும் கேலி செய்வார்கள். தமிழ்ப் புத்தகத்தை ஜூன் முதல் வாரமே முடித்துவிட்டேன். துணைப்பாடம், வரலாறு, அறிவியல்கூட. ஆனால் கணக்குப் புத்தகத்தை யாரும் முன்கூட்டியே வாசிப்பதில்லை. நானும் வாசிக்கவில்லை.

131-ஆம் பக்கத்தில் வட்டம் இருக்கிறது. சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் மாறாத எண் வரும் என்று போட்டிருக்கிறது. 118-இல் ஒரு மரமும் ஒரு மனிதனும் நிற்கும் படம், இரண்டுக்கும் நிழல். 137-இல் உருளையின் கொள்ளளவு. அரிசி டிரம்.

எல்லாமே இருக்கிறது. நாங்கள் அந்தப் பக்கத்துக்கு வரும் முன்னாலேயே டீச்சர் நடத்திவிட்டார். முப்பத்தொன்றில் இருபத்தேழுக்குப் பக்கம் கண்டுபிடித்தேன். நான்கு நாளுக்குக் கிடைக்கவில்லை.

சோற்று மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை. நான் உண்மையை எழுதினேன் என்று இரண்டு நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் உண்மை இல்லை. எனக்குத் தெரியாததை எல்லாம் ‘இல்லை’ என்று எழுதியிருக்கிறேன்.

12 ஜனவரி, திங்கள்

சாயங்காலம் வகுப்பில் யாரும் இல்லாதபோது டீச்சரிடம் சொன்னேன். வெள்ளிக்கிழமையே பதிவேட்டைப் பார்த்து முப்பத்தொரு தேதியையும் மறுபடி எழுதி வைத்திருந்த தாளைக் கொடுத்தேன். மேலிருந்து கீழே வரை வாசித்தார். பிறகு திரும்ப மேலிருந்து வாசித்தார்.

“முப்பத்தொண்ணா?”

“ஆமா டீச்சர்.”

“தினம் அதுல கையெழுத்துப் போட்டேன். ஒரு நாளும் திரும்பிப் பார்க்கலியே.”

எங்கள் பெஞ்சில், மும்தாஜ் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தார். நான் அழ ஆரம்பித்துவிட்டேன். “அழாத. பார்த்ததை எழுதுன்னு நான்தான சொன்னேன்” என்றார். பிறகு என்னிடம் பேசுகிற மாதிரி இல்லாமல் பேசினார்.

“பி.எட். முடிச்சு ஒன்பது வருஷம் டுட்டோரியல்ல கிடந்தேன். அங்க புத்தகத்தைத் தவிர வேற பேச்சே கிடையாது. வேலைவாய்ப்பு ஆபீஸ்ல இருந்து கார்டு வர்றப்ப எனக்கு முப்பத்தி நாலு. இங்கயாவது இஷ்டப்படி சொல்லிக்குடுப்போம்னு நினைச்சேன். இது போச்சுன்னா இன்னொரு கார்டு வராது ஆவுடை.”

நான் கண்டுபிடித்த பக்கங்களைக் காட்டினேன். பார்த்தார். “நல்ல வேலை செஞ்சிருக்க” என்றார். ஆனால் முகம் மாறவில்லை.

15 ஜனவரி, வியாழன்

பொங்கலுக்கு ஊருக்கு வந்திருக்கிறேன். என்ன சாப்பிட்டேன் என்று ஞாபகம் இல்லை. அம்மா, மெலிந்துவிட்டேன் என்கிறாள்.

20 ஜனவரி, செவ்வாய்

இன்று நடந்ததை ஒன்றும் விடாமல் எழுத வேண்டும்.

ஆபீஸ் வாசலில் நாற்காலி போட்டு தமயந்தி டீச்சரை உட்கார வைத்திருந்தார்கள். கஞ்சி போட்ட சேலை கட்டியிருந்தார். கிளார்க் சார் என்னைத்தான் முதலில் உள்ளே கூப்பிட்டார். பெரிய டீச்சரும் செயலர் ஐயாவும் இருந்தார்கள். செயலர் ஐயா டவுனில் பருத்தி மூட்டை அடுக்கும் கிட்டங்கி வைத்திருக்கிறார். நான் எழுதிய தாள் அவர் முன்னால் இருந்தது.

நான் இருபத்தேழு பக்கத்தையும் எழுதிய இன்னொரு தாளை நீட்டினேன்.

“இது யார் எழுதிக் குடுத்தது? டீச்சரா?”

“நானே எழுதினேன் ஐயா. அந்தந்த நாள்ல நடந்ததுக்கு இதுதான் பக்கம்.”

“அன்னைக்கே ஏன் போடல?”

“அன்னைக்குத் தெரியல ஐயா.”

அவர் கோபப்படவில்லை. பொறுமையாகத்தான் சொன்னார். “இங்க பாரு பிள்ளை. என் கிட்டங்கியில மூட்டை வந்தா வந்ததுன்னு எழுதுவான். ஆறு மாசம் கழிச்சு ஒருத்தன் வந்து, அன்னைக்கு மூட்டை வந்துச்சு, எனக்குத்தான் மூட்டைன்னு தெரியலன்னு சொன்னா நான் என்ன செய்யணும்?”

நான் நீட்டிய தாளை மேசை ஓரத்தில் வைத்தார்.

“மத்த பாடத்துக்கெல்லாம் பக்கம் ஒழுங்கா ஏறியிருக்கே. அது எப்படி?”

“அவங்க சொன்னதை எழுதினேன் ஐயா. கணக்கு டீச்சர் மட்டும்தான் சொல்ல மாட்டாங்க. நானே பார்த்து எழுதச் சொன்னாங்க.”

“சொன்னதைன்னா? நடக்காததையுமா?”

பெரிய டீச்சர் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தார்.

“ஆமா ஐயா.”

“யாரு?”

“வரலாறு.”

“வேற?”

மேசையில் ஒரு கண்ணாடிக் குண்டு இருந்தது. உள்ளே சிவப்புப் பூ. அதைப் பார்த்தேன்.

“வேற இல்ல ஐயா.”

இங்கிலீஷைச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று இங்கே எழுத வேண்டும். எழுத வரவில்லை.

பெரிய டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “இந்தப் பிள்ளை பொய் சொல்லாது ஐயா. அந்தம்மாவும் வேலை செய்யாதவ இல்ல. பிப்ரவரி முடியட்டும். நானே வகுப்புல உக்காந்து பார்த்துச் சொல்லுதேன்” என்றார். செயலர் ஐயா தலையை ஆட்டினார். வெளியே வரும்போது பெரிய டீச்சர் என் தலையில் கை வைத்தார். செல்லத்தாய் அக்காவிடம் சொல்லி எனக்கு டீயும் பன்னும் வாங்கித் தரச் சொன்னார். எனக்கு ஏன் பன் வாங்கித் தர வேண்டும்? தின்ன முடியவில்லை. மும்தாஜிடம் கொடுத்துவிட்டேன்.

21 ஜனவரி, புதன்

சாரதாமணி டீச்சர் நாற்பத்தைந்து நிமிடமும் நின்றுகொண்டே பாடம் நடத்தினார். கேள்விகள் எல்லாம் எனக்கே. “சாட்சி சொன்ன வாய்தான, பதிலும் சொல்லட்டும்” என்றார். ஒன்பது கேள்விக்குப் பதில் சொன்னேன். பத்தாவது தெரியவில்லை. வகுப்பு முடியும் வரை நின்றேன்.

2 பிப்ரவரி, திங்கள்

பெரிய டீச்சர் கணக்குப் பாடவேளையில் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார். கையில் அச்சடித்த படிவம். ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். பாடக்குறிப்பு, குரல், கரும்பலகை வேலை, வகுப்புக் கட்டுப்பாடு, பாடப்பகுதி முடித்தல்.

தமயந்தி டீச்சர் புத்தகத்தை வைத்துத்தான் நடத்தினார். இருந்தாலும் பழக்கத்தில் பிள்ளைகள் கேள்வி கேட்டார்கள். ஏன் டீச்சர், எப்படி டீச்சர், இப்படிப் போட்டால் என்ன டீச்சர். மும்தாஜ் மட்டும் மூன்று முறை. யாராவது வாய் திறந்தால் பெரிய டீச்சர் படிவத்தின் ஓரத்தில் ஒரு கோடு போட்டார். கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு மார்க் போடுகிறார் என்று நினைத்தேன். ஏழு கோடு. கடைசியில் ஏழையும் எண்ணி, ‘வகுப்புக் கட்டுப்பாடு’ என்பதற்கு நேராக 3 என்று எழுதினார்.

நான் அதைப் பார்த்துவிட்டதை அவர் கவனித்தார். படிவத்தை மடித்துக்கொண்டார்.

3 பிப்ரவரி, செவ்வாய்

பிரேயருக்கு முன்னால் வகுப்புப் பிள்ளைகளைக் கூப்பிட்டேன். பெரிய டீச்சர் இருக்கும்போது யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்றேன். புரியாவிட்டாலும் புரிந்தது என்று சொல்ல வேண்டும். கேட்கிறவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதுவேன் என்றேன்.

“புரியலன்னா?” என்றாள் மும்தாஜ்.

“டீச்சர் வேணுமா வேண்டாமா?”

எல்லாரும் சரி என்றார்கள்.

9 பிப்ரவரி, திங்கள்

ஊசி விழுந்தால் கேட்டிருக்கும். கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டிருந்த டீச்சர், பின்னால் யாருமே இல்லையோ என்பதுபோல் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். “சந்தேகம் இருக்கா?” என்று கேட்டார். “இல்லை டீச்சர்” என்று நாற்பத்திரண்டு பேரும் சேர்ந்து சொன்னோம்.

கட்டுப்பாடு: 9.

11 பிப்ரவரி, புதன்

பக்கம் 96–99.

12 பிப்ரவரி, வியாழன்

பக்கம் 100–104. டீச்சர் இப்போது நுழைந்ததும் தேதியும் பக்க எண்ணும் கரும்பலகையின் மூலையில் எழுதிவிடுகிறார். எனக்கு வேலை மிச்சம்.

17 பிப்ரவரி, செவ்வாய்

பக்கம் 118–121. மரமும் மனிதனும். படத்தில் தரை நேராக இருக்கிறது. வெளியே போகவில்லை. கட்டுப்பாடு 10.

24 பிப்ரவரி, செவ்வாய்

அ பிரிவைப் பிடித்துவிட்டோம். செய்து முடித்த பாடங்களாம், ஒரு நாளைக்கு ஆறு பக்கம் ஓடுகிறது. பெரிய டீச்சர் இனி வர மாட்டார், படிவம் நிறைந்துவிட்டதாம். யாரும் கேள்வி கேட்பதில்லை. நான் பெயர் எழுதவே வேண்டியதில்லை.

27 பிப்ரவரி, வெள்ளி

இரண்டாவது பாடவேளையில் கிளார்க் சார் ஆணையைக் கொண்டுவந்தார். தமயந்தி டீச்சரின் தகுதிகாண் பருவம் முடிந்தது. வேலை நிரந்தரம். இடைவேளையில் டீச்சர் எல்லாருக்கும் ஜிலேபி கொடுத்தார். சாரதாமணி டீச்சர்கூட இரண்டு எடுத்துக்கொண்டார். நாங்கள் கை தட்டினோம். மும்தாஜ் பெஞ்சைத் தட்டினாள். எனக்கு ஐம்பது நாளாக நெஞ்சில் இருந்த கல் இறங்கியது.

கணக்கு, ஐந்தாவது பாடவேளை. கடைசி பெஞ்சில் யாரும் இல்லை. இன்று டீச்சர் பழையபடி வருவார் என்று எல்லாருக்கும் ஓர் எண்ணம். யாரும் புத்தகத்தை எடுத்து வைக்கவே இல்லை.

டீச்சர் வந்தார். மூலையில் தேதி எழுதினார். பக்கம் 146. “புத்தகத்தை எடுங்க. புள்ளியியல். சராசரி” என்றார். பத்து மாணவர்களின் உயரம் கொடுக்கப்பட்டிருக்கிறது, சராசரி காண்க.

மும்தாஜ் எழுந்தாள். சிரித்துக்கொண்டே எழுந்தாள். “டீச்சர், அந்தப் பத்து பேரு யாருன்னே தெரியாது. எங்க உயரத்தையே அளந்து போடுவமா? டேப்பு கொண்டாந்திருக்கேன்.”

டீச்சர் அவளைப் பார்த்தார். பிறகு வெறுமையாக இருந்த கடைசி பெஞ்சைப் பார்த்தார்.

“புத்தகத்துல குடுத்திருக்குல்ல. அதைப் போடு.”

“சும்மா டீச்சர், அஞ்சு நிமிஷம்.”

“உக்காரு மும்தாஜ்.”

அவள் உட்கார்ந்தாள். டேப்பைச் சுருட்டிப் பைக்குள் வைத்தாள். எல்லாரும் கணக்கை நோட்டில் எழுதிக்கொண்டோம். எனக்கு 152 வந்தது. விடை சரி.

மணி அடித்ததும் பதிவேட்டை எடுத்து, பக்கம் 146–148 என்று எழுதினேன். டீச்சர் வாசல் வரை போனவர் திரும்பி வந்து, “அதைக் குடு” என்றார். கொடுத்தேன். என் வரியின் மேல் விரலை வைத்து வாசித்தார். கடைசிக் கணக்கு 149-ஆம் பக்கத்துக்குப் போய்விட்டதாம். 148-ஐ ஒரே கோட்டில் அடித்து 149 என்று எழுதி, பக்கத்தில் சுருக்கக் கையெழுத்து வைத்தார். பிறகு அந்த வாரத்தின் மற்ற நாட்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“இனிமே பக்கத்தை நானே சொல்லிருவேன். நீ எழுதிக்கிட்டா போதும்” என்றார்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் பதிவேட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சரி டீச்சர் என்றேன்.

நான் வேண்டிக்கொண்டது நடந்துவிட்டது. தமயந்தி டீச்சர் ஓய்வு பெறும் வரை இந்தப் பள்ளியில்தான் இருப்பார். ஆனால் சாயங்காலத்திலிருந்து எனக்கு யாரோ செத்துப்போனதுபோல் இருக்கிறது. யார் என்று எழுதலாம் என்று பேனாவை வைத்துக்கொண்டு இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன். வார்டன் அக்கா விளக்கை அணைக்க வருகிறார்.